ஊருக்குச் சொந்தமான விமான நிலையம்: பணம் யார் தருகிறார்கள், பதிலுக்கு என்ன கேட்கிறார்கள்?

கடைசியாக நீங்கள் விமானத்தில் போன பயணச்சீட்டு இன்னும் உங்கள் கைபேசியில் இருக்கிறதா? மின்னஞ்சலில் தேடி எடுத்து, கட்டண விவரம் இருக்கும் பகுதியைத் திறந்து பாருங்கள். அடிப்படைக் கட்டணம், ஜிஎஸ்டி, பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் என்று வரிசையாக இருக்கும். சில நிறுவனங்களின் சீட்டில் பிராந்திய இணைப்புக்கென்று ஒரு சின்னத் தொகையும் தனியாகத் தெரியும். பெரிய ஊர்களுக்கு இடையே பறக்கும் பயணியிடம் வாங்கி, சின்ன ஊர்களுக்கு விமானம் விடுவதற்காகச் செலவழிக்கும் பணம் அது. உதான் திட்டம் ஓடுவது இந்த வழியில்தான்.

"எங்க ஊருக்கும் ஒரு ஏர்போர்ட் வேணும்" என்ற கோரிக்கை தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கிறது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் சின்ன விமான நிலையம் ஒன்றை உண்மையில் யார் காசு போட்டு நடத்துகிறார்கள், காசு கொடுப்பவர் என்ன எழுதி வாங்கிக்கொள்கிறார் என்பது பற்றிப் பேச்சு குறைவு. இதைப் படிக்க நல்ல இடம் அமெரிக்கா. நம் நாட்டில் விமான நிலையங்கள் பெரும்பாலும் இந்திய விமான நிலைய ஆணையத்திடம் இருக்கின்றன; சில மாநில அரசுகளிடமும் கூட்டு நிறுவனங்களிடமும் உள்ளன. நகராட்சியே சொந்தமாக விமான நிலையம் வைத்து நடத்துவது இங்கே வழக்கமில்லை. அமெரிக்காவிலோ அது சர்வ சாதாரணம். நன்றாக நடந்த ஊர்களும் உண்டு, மாட்டிக்கொண்டு பல வருஷம் கோர்ட்டுக்கு அலைந்த ஊர்களும் உண்டு.

பேருந்து நிலையம் மாதிரி ஒரு விமான நிலையம்

அமெரிக்க மத்திய அரசின் விமானத் துறை அமைப்புக்கு எஃப்.ஏ.ஏ. என்று பெயர். நாட்டுக்கு முக்கியமானவை, மத்திய மானியம் பெறத் தகுதியானவை என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் சுமார் 3,300 விமான நிலையங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட் வாங்கிப் போகும் பயணிகள் விமானம் வருவதே இல்லை. பிறகு எதற்கு இத்தனை? ஆம்புலன்ஸ் விமானம், காட்டுத்தீயை அணைக்கும் விமானம், வயலுக்கு மருந்தடிக்கும் விமானம், விமானம் ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள், சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்கள், உதிரிபாகத்தை அவசரமாகக் கொண்டுபோகும் தொழிற்சாலைகள். இவர்களுக்காகத்தான்.

நம் ஊர் நகராட்சிக்குப் பேருந்து நிலையம், சந்தை, வணிக வளாகம் எல்லாம் சொந்தமாக இருக்கிற மாதிரி, அங்கே சிறு நகரத்துக்கு ஓடுபாதை சொந்தம். ஒரு மேலாளர், ஒன்றிரண்டு பணியாளர், புல் வெட்டும் டிராக்டர். பல இடங்களில் கட்டுப்பாட்டுக் கோபுரமே கிடையாது. வரும் விமானிகள் ஒரே அலைவரிசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு இறங்குவார்கள். ராத்திரியில் ஓடுபாதை விளக்கை எரியவிடக்கூட ஆள் தேவையில்லை. விமானி தன் ரேடியோவின் மைக் பொத்தானைச் சில விநாடிகளுக்குள் 3, 5 அல்லது 7 தடவை அழுத்தினால் விளக்கு அந்த அளவு வெளிச்சத்தில் தானாக எரியும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக அணைந்துவிடும். மின்கட்டணமும் மிச்சம்.

ஆனால் ஓடுபாதையைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தால் அந்த ஊரின் வரிப்பணம் போதாது. அதற்காகத்தான் மத்திய மானியம்.

பணம் வருகிற வழி

1970-இல் அமெரிக்க நாடாளுமன்றம் விமானத் துறைக்கென்று தனி நிதியம் ஒன்றை உருவாக்கியது. உள்நாட்டுப் பயணச்சீட்டில் 7.5 சதவீத வரி, சரக்குக் கட்டணத்தில் 6.25 சதவீதம், விமான எரிபொருளில் ஒரு வரி, இவை எல்லாம் அந்த நிதியத்துக்குப் போகும். பொது வரிப்பணத்தில் கை வைக்காமல், பறப்பவர்களே பறப்பதற்கான செலவைக் கொடுக்கட்டும் என்பது கணக்கு. 1982-இல் வந்த சட்டம், இந்த நிதியத்திலிருந்து விமான நிலையங்களுக்கு மானியம் தரும் இப்போதைய திட்டத்தைத் தொடங்கியது. ஏ.ஐ.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

பெரிய விமான நிலையம் என்றால் வேலைச் செலவில் 75 சதவீதம் மத்திய அரசு தரும். சின்னது என்றால் 90 சதவீதம். 2024-இல் வந்த சட்டம் பல சின்ன நிலையங்களுக்கு இரண்டு நிதியாண்டுகளுக்கு மட்டும் அதை 95 ஆக்கியது. பயணிகள் விமானம் வராத தகுதியுள்ள சின்ன நிலையத்துக்கு ஆண்டுக்கு 1,50,000 டாலர் வரை உரிமையாகவே ஒதுக்கப்படும். அந்த வருஷம் செலவழிக்காவிட்டால் அடுத்த மூன்று வருஷம் வரை சேர்த்து வைக்கலாம். ஆக, நாலு வருஷத்துக்கு 6,00,000 டாலர்.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20,000 பேர் வாழும் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதையை முழுசாகத் தோண்டிப் போட 30 லட்சம் டாலர் ஆகும் என்று பொறியாளர் சொல்கிறார். 90 சதவீதம் என்றால் 27 லட்சம். சேர்த்து வைத்த உரிமைத் தொகை 6 லட்சம்தான். மீதி 21 லட்சத்துக்கு எஃப்.ஏ.ஏ.-வின் விருப்ப ஒதுக்கீட்டில் மற்ற ஊர்களோடு போட்டி போட வேண்டும். மிச்சமிருக்கும் 3 லட்சத்தில் மாநில அரசு பாதி கொடுத்தால், ஊர் 1.5 லட்சம் போட வேண்டும். இதில் இன்னொரு சிக்கல்: மானியம் முன்பணமாகக் கைக்கு வராது. ஒப்பந்ததாரர் பில் கொடுக்கக் கொடுக்க, அதைக் காட்டித்தான் பணம் வாங்க வேண்டும். கஜானாவில் கொஞ்சமாவது புழக்கப் பணம் இல்லாத ஊர் இங்கேயே தடுமாறிவிடும்.

காலமும் ஆகும். ஐந்து வருஷத்துக்கான வேலைப் பட்டியல் கொடுக்க வேண்டும், நிலைய வரைபடத்தில் அந்த வேலை இருக்க வேண்டும், சுற்றுச்சூழல் ஆய்வு முடிய வேண்டும், அப்புறம் டெண்டர். இன்று முடிவு செய்து அடுத்த கோடைக்குள் முடிக்கிற காரியம் இல்லை இது.

எதை முதலில் சரி செய்வது?

ஊர் மன்றக் கூட்டத்தில் கேட்டால் பலரும் சொல்வது, "நல்லா ஒரு டெர்மினல் கட்டடம் கட்டலாமே." கட்டடம் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா வைக்கலாம். விரிசலில் தார் ஊற்றியதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. ஆனால் சின்ன விமான நிலையத்தின் உயிர் அந்த விரிசலில்தான் இருக்கிறது.

பெரிய நிலையத்தில் ஓடுபாதை தேய்வது விமானத்தின் எடையால். சின்ன நிலையத்தில் வந்து இறங்குவதே நம் காரை விடக் கொஞ்சம் பெரிய எடைதான். அங்கே ஓடுபாதையைக் கெடுப்பது வெயிலும் மழையும். தார் வெயிலில் காய்ந்து, நெகிழ்வு போய், மெல்ல வெடிக்கும். அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கி அடித்தளத்தை இளக்கும். குளிர்ப் பிரதேசத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து வெடிப்பை இன்னும் பிளக்கும். பிறகு சின்னச் சின்னக் கற்கள் பெயர்ந்து வரும். சாலையில் கல் பெயர்ந்தால் வண்டி குலுங்கும், அவ்வளவுதான். இங்கே சுழலும் புரொபெல்லர் அந்தக் கல்லை இழுத்து, தன் விளிம்பையே உடைத்துக்கொள்ளும்.

பொறியாளர்கள் தளத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுகிறார்கள். முதல் சில வருஷங்கள் மதிப்பெண் மெதுவாகக் குறையும்; ஒரு கட்டத்துக்குப் பிறகு சடசடவென்று விழும். விழுவதற்கு முன்னால் வெடிப்பை அடைத்து மேலே ஒரு பூச்சுப் பூசினால் சிறு செலவோடு போய்விடும். விட்டுவிட்டால் அடியோடு தோண்ட வேண்டியதுதான். மானியம் வாங்கிய ஊர் தளப் பராமரிப்புத் திட்டம் ஒன்றை வைத்து நடத்தியாக வேண்டும் என்பது எஃப்.ஏ.ஏ.-வின் விதிகளில் ஒன்று. காரணம் இதுதான்.

அடுத்து மரம். விமானம் இறங்கி வரும் சரிவுப் பாதையில் பக்கத்து நிலத்து மரம் வருஷா வருஷம் வளரும். வெட்டச் சொன்னால் நிலத்துக்காரர் சும்மா இருப்பாரா? பணம் கொடுத்து அந்த வான்வெளிக்கு உரிமை எழுதி வாங்க வேண்டும். அதற்கப்புறம் வேலி. ஓடுபாதையில் மான் குறுக்கே ஓடுவது அங்கே நிஜமான ஆபத்து. விளக்குகளை எல்இடி-க்கு மாற்றுவது, தானியங்கி வானிலைக் கருவி வைப்பது எல்லாம் இதற்கு அடுத்த வரிசை. பணம் ஈட்டித் தரும் ஹேங்கர், எரிபொருள் தொட்டி போன்றவற்றுக்கு, விமானம் ஓடும் பகுதியின் தேவைகள் எல்லாம் முடிந்த பிறகுதான் மானியம் கேட்க முடியும்.

புல் வெட்டுகிற செலவை யாரும் தர மாட்டார்கள்

முக்கியமான விஷயம் ஒன்று: மானியம் கட்டுமானத்துக்கும் தளப் பராமரிப்புக்கும்தான். சம்பளம், மின்கட்டணம், காப்பீடு, புல் வெட்டுவது, பனி அள்ளுவது எதற்கும் அதில் இடமில்லை. கோவிட் காலத்தில் மட்டும் விதிவிலக்காக, 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சின்ன நிலையங்களுக்கு நடைமுறைச் செலவுக்கும் பணம் கொடுத்தார்கள். அடிப்படை வகை நிலையத்துக்கு 20,000 டாலர், கொஞ்சம் பெரியதற்கு 30,000, அதற்கு மேல் 69,000 என்று நிலையத்தின் வகையைப் பார்த்து. அது கோவிட் கால ஏற்பாடு மட்டும்தான்.

அப்படியானால் தினசரிச் செலவுக்கு? ஹேங்கர் எனப்படும் விமானக் கொட்டகை வாடகை, எரிபொருள் விற்பனையில் கேலனுக்கு இத்தனை சென்ட் என்ற பங்கு, திறந்தவெளியில் விமானத்தைக் கட்டி நிறுத்தும் கட்டணம். ஓடுபாதைக்கு வெளியே சும்மா கிடக்கும் நிலத்தை வைக்கோல் வளர்க்கக் குத்தகைக்கு விடும் ஊர்களும் உண்டு. முன்பு சொன்ன உதாரண ஊரில் 30 ஹேங்கர் இருக்கிறது, மாத வாடகை 250 டாலர் என்றால் வருஷத்துக்கு 90,000 டாலர். ஒரு மேலாளரின் சம்பளத்துக்குப் போதும், அதற்கு மேல் இழுபறிதான்.

வாடகையை உயர்த்தலாமே என்றால், ஹேங்கர் வைத்திருப்பவர்கள் மன்றக் கூட்டத்துக்கு வந்து சத்தம் போடுவார்கள். உயர்த்தாமல் பொது நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்தால், "விமானம் வச்சிருக்கறவங்களுக்கு என் வரிப்பணமா?" என்று விமானத்தில் ஏறியே இராத பொதுமக்கள் கேட்பார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் நியாயமானது. விதியும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது: நிலையம் முடிந்தவரை தன் காலில் நிற்கும்படி கட்டணங்களை வைக்க வேண்டும்.

நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாரே ஹேங்கர் கட்டிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. 20, 30 வருஷம் கழித்துக் குத்தகை முடிந்ததும் கட்டடம் ஊருக்குச் சேர வேண்டும் என்று பத்திரத்தில் எழுதியிருந்தால், ஒரு காசு போடாமல் ஊருக்கு ஒரு சொத்து. அந்த வரி பத்திரத்தில் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. நம் ஊர்க் கடை வாடகை ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும்.

கையெழுத்துப் போடும் காகிதம்

மானியத்தை ஏற்கும்போது ஊர் ஒரு உறுதிமொழிப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறது. மொத்தம் சுமார் 40 உறுதிமொழிகள். எல்லாவற்றையும் இங்கே சொல்லப் போவதில்லை. ஊரைக் கட்டிப்போடும் சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, நிலையம் எல்லா வகை விமானச் சேவைக்கும் பாரபட்சமில்லாமல் திறந்திருக்க வேண்டும். ஜெட் சத்தம் பிடிக்கவில்லை, ஜெட்டை மட்டும் வரவிடமாட்டோம் என்று ஊர் நினைத்தபடி சொல்ல முடியாது. இரண்டாவது, நிலையத்தில் கிடைக்கும் வருமானம் நிலையத்துக்கே செலவாக வேண்டும். நூலகம் கட்டவோ சாலை போடவோ எடுக்கக் கூடாது. நகரமே தன் பூங்காவுக்காக நிலைய நிலத்தில் ஒரு மூலையைப் பயன்படுத்தினால்கூட, சந்தை மதிப்பில் வாடகையை நிலையக் கணக்கில் கட்ட வேண்டியிருக்கும். தன் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குத்தான் என்றாலும் கட்டியாக வேண்டும். மூன்றாவது, நிலையத்தைத் தொடர்ந்து நடத்த வேண்டும். எத்தனை காலம்? கட்டிய பொருளின் ஆயுள் வரை, அதிகபட்சம் மானியத்தை ஏற்ற நாளிலிருந்து 20 வருஷம். மானியப் பணத்தில் நிலம் வாங்கியிருந்தால் அந்த 20 வருஷ வரம்பும் கிடையாது.

ஒவ்வொரு புது மானியமும் அந்த 20 வருஷத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கி வைக்கும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை சின்ன மானியம் வாங்கும் ஊருக்கு அந்த முடிவு தேதி எப்போதுமே 20 வருஷம் தள்ளியே நிற்கும். இதைச் சரியாகக் கவனிக்காத ஊர் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உண்மைக் கதை இருக்கிறது.

சாண்டா மோனிகா

கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய கடற்கரை நகரம் சாண்டா மோனிகா. 1926-இல் அந்த நகரம், வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன் பத்திரப் பணத்தில், அங்கிருந்த விமானத் திடலைச் சொந்தமாக்கிக்கொண்டது. அப்போது சுற்றிலும் பெரிய குடியிருப்பு இல்லை. டக்ளஸ் நிறுவனம் அங்கே தொழிற்சாலை வைத்தது. உலகம் முழுவதும் பறந்த டிசி-3 விமானம் 1935 டிசம்பரில் முதன்முதலாக மேலெழுந்தது இந்தத் திடலிலிருந்துதான். இரண்டாம் உலகப் போரின்போது மத்திய அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு, 1948-இல் ஒரு பத்திரம் எழுதி நகரத்திடம் திருப்பிக் கொடுத்தது.

தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்காகவே சுற்றி வீடுகள் முளைத்தன. பிறகு தொழிற்சாலை 1970-களில் போய்விட்டது, வீடுகள் மட்டும் இருந்தன. சின்ன விமானங்கள் வந்த இடத்துக்கு ஜெட்டுகள் வரத் தொடங்கின. ஓடுபாதை முனையிலிருந்து சில வீடுகள் சுமார் 300 அடி தூரத்தில் இருந்தன. ஓடுபாதையின் இரு முனைகளிலும், விமானம் தாண்டி ஓடினால் தாங்கிக்கொள்ளும் வெற்றிடம் போதிய அளவு இல்லை.

நகரம் ஜெட்டுகளுக்குத் தடை போட்டது. 1979-இல் கோர்ட் அந்தத் தடையை ரத்து செய்தது. 1984-இல் எஃப்.ஏ.ஏ.-வோடு ஒரு உடன்பாடு: 2015 வரை நிலையத்தை நடத்துவோம். சரி, இன்னும் 31 வருஷம்தானே என்று மக்கள் காத்திருந்தார்கள். 2008-இல் வேகமாக இறங்கும் பெரிய ஜெட் வகைகளை மட்டுமாவது தடுப்போம் என்று நகரம் ஒரு சட்டம் போட்டது. பாதுகாப்புக்காகத்தான் என்று வாதாடியது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்.ஏ.ஏ. பக்கமே தீர்ப்புச் சொன்னது. முன்பு பார்த்த அந்தப் பாரபட்சமற்ற சேவை என்ற உறுதிமொழிதான் குறுக்கே நின்றது. 2013 செப்டம்பரில் இறங்கிய ஒரு சின்ன ஜெட் பாதையை விட்டு விலகி ஹேங்கரில் மோதி நாலு பேர் இறந்தார்கள்.

2015 நெருங்கியது. நகரம் 1994-இல் கடைசியாக ஒரு மத்திய மானியம் வாங்கியிருந்தது. அதிலிருந்து 20 வருஷம் என்றால் 2014. ஆக எல்லாக் கட்டும் அவிழ்ந்துவிட்டது என்பது நகரத்தின் கணக்கு. எஃப்.ஏ.ஏ. பழைய கோப்பைத் திறந்தது. அந்த 1994 மானியத்தில் 2003-இல் ஒரு திருத்தம் செய்து, கூடுதலாக 2,40,600 டாலர் நகரம் வாங்கியிருந்தது. அந்தத் திருத்தத்திலிருந்துதான் 20 வருஷத்தை எண்ண வேண்டும், எனவே 2023 வரை நடத்தியே ஆக வேண்டும் என்று முடிவு சொன்னது. அதோடு 1948 பத்திரத்தின்படி நிலையத்தை என்றைக்குமே மூட முடியாது என்றும் ஒரு வாதம்.

2003-இல் அந்தத் தொகை பெரிதாக யாருக்கும் தோன்றியிருக்காது. ஏற்கெனவே வாங்கிய மானியத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஆனால் ஒன்பது வருஷ நிலையம் அதற்குள் இருந்தது.

2014 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. நிலையம் மூடப்பட்டால் அந்த நிலத்தில் பூங்காவும் பொழுதுபோக்கு இடமும்தான் வரலாம், வேறு எதுவும் கட்ட வேண்டுமானால் வாக்காளர்களிடம் மறுபடி கேட்க வேண்டும் என்ற தீர்மானம் ஜெயித்தது. விமானத் துறையினர் ஆதரித்த எதிர்த் தீர்மானம் தோற்றது. வழக்குகள் தொடர்ந்தன. கடைசியில் 2017 ஜனவரியில் இரு தரப்பும் நீதிமன்றத்தின் முன் சமரசம் ஆனார்கள். ஓடுபாதையை 4,973 அடியிலிருந்து 3,500 அடியாகக் குறைக்கலாம். 2028 டிசம்பர் 31 வரை நடத்த வேண்டும். அதற்கப்புறம் நகரம் விரும்பினால் மூடிக்கொள்ளலாம். அதே வருஷம் டிசம்பரில் ஓடுபாதை குறுகியது. முனைகளில் பாதுகாப்பு வெளி கிடைத்தது, பெரிய ஜெட்டுகளின் வரவு குறைந்தது.

இன்னும் 12 வருஷமா என்று மூடச் சொன்னவர்கள் முகம் சுளித்தார்கள். டிசி-3 பிறந்த இடத்தை மூடுவதா என்று விமானிகளும் கோபப்பட்டார்கள். சுமார் 227 ஏக்கர், நகரத்தின் நடுவில். யார் பக்கம் நியாயம் என்பதில் அந்த ஊரிலேயே இன்னும் ஒரே கருத்து இல்லை.

பொறுமை இழந்த ஒரு மேயர், பொறுத்துப்போன ஒரு ஊர்

சிகாகோவில் ஏரிக்கரையில் மெய்க்ஸ் ஃபீல்டு என்ற சின்ன நகர விமான நிலையம் இருந்தது. 2003 மார்ச் 30 நள்ளிரவில் மேயர் டேலியின் உத்தரவில் புல்டோசர்கள் போய் ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறிகளாகப் பள்ளம் தோண்டின. நின்றிருந்த விமானங்கள் அப்படியே மாட்டிக்கொண்டன. 30 நாள் முன்னறிவிப்பு தராததற்காக நகரம் 33,000 டாலர் அபராதம் கட்டியது. விமான நிலையங்களுக்கான நிதியை இடிப்பு வேலைக்கு எடுத்ததற்காக 10 லட்சம் டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. இன்று அங்கே பூங்கா இருக்கிறது. இதற்கப்புறம் நாடாளுமன்றம் அந்த அபராதத்தை நாளொன்றுக்கு 10,000 டாலராக உயர்த்திவிட்டது.

மிசூரி மாநிலத்தில் செயின்ட் கிளேர் என்ற சிற்றூர் வேறு வழியில் போனது. அதிகம் யாரும் பயன்படுத்தாத நிலையத்தை மூடி, அந்த இடத்தில் கடைகள் கொண்டுவர விரும்பியது. ஆனால் மானிய உறுதிமொழி தடுத்தது. கடைசியில் அந்த ஒரு ஊருக்காக 2014-இல் அமெரிக்க நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு விடுவிக்க வேண்டியிருந்தது. 2017-இல் நிலையம் மூடப்பட்டது.

நம்ம ஊர்க் கணக்கு

இப்போது உங்கள் கைபேசியில் திறந்து வைத்த பயணச்சீட்டுக்கு வருவோம். 2016-இல் மத்திய அரசு உதான் திட்டத்தை அறிவித்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் அளவில் குறிப்பிட்ட இருக்கைகள்; அதனால் விமான நிறுவனத்துக்கு ஏற்படும் இடைவெளியை அரசு ஈடுகட்டும். நம்மைப் போன்ற மாநிலங்களில் அந்த ஈட்டுத் தொகையில் 80 சதவீதம் மத்திய நிதியம், 20 சதவீதம் மாநிலம். இந்த உதவி ஒரு வழித்தடத்துக்கு மூன்று வருஷம்.

இங்கேயும் பணத்தோடு உறுதிமொழி வருகிறது. கொடுப்பது நகராட்சி இல்லை, மாநில அரசு. திட்டத்தின் கீழ் வரும் நிலையத்தில் விமான எரிபொருள் மீதான வாட் வரியை 1 சதவீதமோ அதற்குக் கீழோ 10 வருஷத்துக்கு வைக்க வேண்டும். விரிவாக்கத்துக்கு நிலம் தேவைப்பட்டால் இலவசமாகத் தர வேண்டும். காவலும் தீயணைப்பும் இலவசம், மின்சாரமும் தண்ணீரும் சலுகை விலையில்.

சேலம் விமான நிலையம் இதற்கு நல்ல உதாரணம். 1993-இல் திறக்கப்பட்டது, ஆனால் நீண்ட காலம் பயணிகள் விமானம் இல்லாமலே கிடந்தது. உதான் மூலம் 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் வந்தது, 2021-இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. ஓடுபாதை அதே ஓடுபாதைதான். விமானம் வராத வருஷங்களிலும் அந்தத் தளத்தில் வெயில் அடித்தது, புல் வளர்ந்தது, காவலுக்கு ஆள் நின்றார்கள். வேலூர், நெய்வேலி என்று உதான் பட்டியலில் பெயர் வந்த மற்ற ஊர்களைப் பற்றிப் பேசும்போதும் "எப்போ திறப்பாங்க?" என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: மூன்று வருஷ உதவி முடிந்த மறுநாள் செலவு யாருடையது?

இதைக் கேட்க எங்கும் அலைய வேண்டாம். விமான நிலைய ஆணையம் மத்திய அமைப்பு என்பதால் மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் கைபேசியிலிருந்தே விண்ணப்பிக்கலாம். மாநிலத் துறைகளுக்குத் தமிழ்நாடு அரசின் ஆர்டிஐ இணையதளம் தனியாக இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. "விமான நிலையம் ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பதில் கிடைக்காது, கையில் இருக்கும் ஆவணத்தைக் கேட்க வேண்டும். மாநில அரசும் மத்திய அரசும் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் நகல், இந்த நிலையத்துக்குக் கடந்த மூன்று நிதியாண்டுகளில் வருஷவாரியாக ஆன பராமரிப்புச் செலவு, அதே ஆண்டுகளில் வந்த வருமானம், குத்தகைக்கு விட்ட இடங்களின் பட்டியலும் முடிவுத் தேதியும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி எண் போட்டு எழுதுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பயப்பட வேண்டாம். சரியான அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. சாதாரணமாக 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் போதவில்லை என்றாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தின் பதிவு எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மேல்முறையீட்டுக்கு அந்த எண் தேவைப்படும்.